சிஸ்டர் உட்கார்ந்த இடம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. கேட் போட்டுவிட்டால் நிற்கிற பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கி வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு தலைவலி மாத்திரை கேட்பார்கள். வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கவுண்டருக்கு இரண்டடி தள்ளி, வெயிலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா தம்பி?" என்று கேட்ட ஒரே ஆள் சிஸ்டர்தான்.

கடைக்குள் வர யாராவது அனுமதி கேட்பார்களா? காதில் ஏதோ தவறாக விழுந்துவிட்டது என்று நினைத்து, "என்ன வேணும்மா?" என்றேன். அவர் வெயிலிலேயே நின்றார். வெளுத்த நீலப் புடவை, ஒட்ட வெட்டிய நரைமுடி, கையில் துணிப்பை. அறுபத்தைந்து வயது மதிக்கலாம். நான் "வாங்க" என்று சொன்ன பிறகுதான் படியேறினார். ஏறியவர் ஓரத்தில் கிடந்த சலைன் பாட்டில் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "நல்லா இருக்கீங்களா?" என்று என்னை விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வாங்க வேண்டிய கட்டுத்துணி, பஞ்சு எல்லாவற்றையும் எழுதிய சீட்டை நீட்டினார்.

கன்னியாஸ்திரி இல்லை. நர்ஸ் என்பதால் சிஸ்டர். எங்கள் ஊர்க்காரர்தான் என்பது பேச்சுக் கொடுத்த பிறகே தெரிந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெற்குத்தெரு. அங்கே லுத்தரன் கோயில் ஒன்று உண்டு. சின்ன வயதிலேயே மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு படித்து, பல வருஷம் இங்கேயே வேலை பார்த்து, நாற்பதை நெருங்கும்போது திருச்சபை மூலமாக தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர். இரண்டு வருஷம் என்று சொல்லி அனுப்பினார்களாம். இருபத்தாறு வருஷம் அங்கே ஜூலு மக்கள் வாழும் மலைக்காட்டில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. தெற்குத்தெருவிலும் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களிலும் படுக்கையில் கிடக்கிறவர்கள், சர்க்கரைப் புண்காரர்கள், காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் என்று வீடு வீடாகப் போனார். எந்த வீடானாலும் வாசலில் நின்று குரல் கொடுப்பார். உள்ளே வா என்று யாராவது சொல்லும்வரை நிற்பார். உள்ளே போனதும் தரையில் உட்கார்ந்துவிடுவார். பாய் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

"நம்ம ஊர்ல பெரியவங்கள பாத்தா எந்திரிச்சு நிப்போம்ல, அங்க தலைகீழ் தம்பி" என்று ஒரு நாள் சொன்னார். "பெரியவங்க முன்னாடி நின்னா மரியாதை இல்ல. அவங்க தலைக்கு மேல நம்ம தலை போகக்கூடாது. உள்ள நுழைஞ்ச உடனே உக்காந்துடணும். வட்ட வட்டமா வீடு, புல்லுக் கூரை. உள்ள சாணி போட்டு மெழுகியிருப்பாங்க. அந்த வாசனைக்கு நான் தெற்குத்தெருவுக்கே வந்துட்ட மாதிரி இருக்கும்."

முதன்முதலில் அவரைப் பார்த்த ஜூலு மக்கள், "எந்தக் கடையிலேர்ந்து வர்றே?" என்று கேட்டார்களாம். அவர்கள் அறிந்த இந்தியர்கள் எல்லாம் கடைக்காரர்கள்.

வாரம் ஒரு முறை அங்கேயிருந்து அவருக்கு போன் வரும். எடுத்ததும் "சவுபோனா!" என்பார். உன்னைக் கண்டோம் என்று அர்த்தமாம், அவர்களுடைய வணக்கம் அது. ஒரு நாள் கடையில் வைத்து அப்படிச் சொல்ல, பிரஷர் மாத்திரை வாங்க வந்த பெரியவர் ஒருவர் பதறிப்போய், "யாரு சாவு? எந்தத் தெருவுல?" என்று கேட்டார். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் அட்டைப்பெட்டி நசுங்கிவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஊரில் சிலர் என்னிடம் வந்து, "இந்தம்மா வீடு வீடாப் போறது மதம் மாத்தத்தானே? நீயும் மருந்து குடுத்து அனுப்புறியே" என்றார்கள். அதை அப்படியே சிஸ்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான் மிஷன்ல போனவ. அதை மறைக்க மாட்டேன். எங்க சாமிய பத்திக் கேட்டா சொல்லுவேன். கேக்காதவங்ககிட்ட சொல்ல மாட்டேன். அங்க ஒரு பெரியவர் வீட்டுக்கு மூணு வாரம் போனேன், சம்சாரத்துக்கு மருந்து குடுக்க. ஒண்ணுமே சொல்லல. நாலாவது வாரம் அவரே, 'சரி, நீ சொல்ல வந்தத சொல்லு, எத்தன நாள்தான் அடக்கி வச்சிருப்ப'ன்னாரு."

அந்தச் சமயத்தில்தான் என் அப்பாவின் காலில் புண் வந்தது.

அப்பா நிலபுலன் உள்ளவர். கோரையாற்றுப் பாசனத்தில் நல்ல வயல்கள். அம்மா போன பிறகு யார் பேச்சையும் கேட்பதில்லை. சர்க்கரை இருந்தது, பத்தியம் இல்லை. வரப்பில் எதையோ மிதித்து, இடது காலில் புண்ணாகி ஆறவே இல்லை. கட்டு மாற்ற வந்த இரண்டு பேரைக் கத்தியே விரட்டிவிட்டார். என்னையும் தொட விடவில்லை. வேறு வழி தெரியாமல் சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

வந்தார். வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, "சார், வரலாமா?" என்றார். அப்பாவை எங்கள் ஊரில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. தெற்குத்தெருவுக்கு அவர் ஐயாதான். அப்பா புருவத்தைத் தூக்கினாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. சிஸ்டர் உள்ளே வந்தார். சாய்வு நாற்காலியில் இருந்த அப்பாவின் காலடியில், தரையில் உட்கார்ந்தார். காலைத் தொடுவதற்கு முன்பு, "தொடலாமா சார்?" என்றார். அப்பா அசந்துபோய் தலையாட்டினார். முனகல்கூட இல்லாமல் கட்டு மாறியது.

அவர் போன பிறகு அப்பா திருப்தியாகச் சொன்னார். "கப்பலேறிப் போனவதான். ஆனாலும் பழச மறக்கல பாரு. எங்க உக்காரணும்னு தெரிஞ்சு வச்சிருக்கா."

எனக்குச் சுருக்கென்றது. அந்த உட்காருதலுக்கு அர்த்தம் வேறு என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். புண் ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இரண்டு வாரம் தினமும் காலையில் வந்தார். புண் ஓரங்களில் புதுச்சதை பிடித்து, ஆறத் தொடங்கியிருந்தது. அப்பா ஒரு நாள் அதே வசனத்தை வயல் விஷயமாக வீட்டுக்கு வந்த ஆட்களிடமும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே அது வாய்க்காலைத் தாண்டிவிட்டது.

மறுநாள் சிஸ்டர் கடையில் இருந்தபோது அவருடைய அண்ணன் மகன் வந்தான். மன்னார்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவன், முப்பது வயது இருக்கும். என்னைப் பார்க்கவே இல்லை.

"அத்தை, இவங்க வீட்ல எங்க உக்கார்றீங்க?"

"தரையில. ஏம்பா?"

"ஆஸ்பத்திரியில ஸ்டூல்ல உக்காந்துதானே கட்டுப் போடுவீங்க?"

"அது ஆஸ்பத்திரி. இது வீடு. ஜூலு வீட்ல நான் இருபத்தாறு வருஷம் தரையிலதான்டா உக்காந்தேன். அது மரியாதை."

"அங்க மரியாதை. ஏன்னா அங்க உங்கள யாரும் தரையில உக்காருன்னு வச்சிருக்கல, நீங்களா உக்காந்தீங்க. இங்க தாத்தா அந்த முத்தத்துல நின்னாரு. உக்காரவே விடல. நீங்க மரியாதை குடுக்குறதா நினைக்கிறீங்க அத்தை. அவரு அத, தனக்கு வரவேண்டியது வந்துட்டுதுன்னு எடுத்துக்குறாரு. ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாரு."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா சொன்னாரு தம்பி?"

"ஆமா சிஸ்டர்" என்றேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

அவர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு அண்ணன் மகனோடு போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்ததும் உட்காரவில்லை. "இன்னிக்கி எனக்கு ஒரு நாற்காலி வேணும் தம்பி" என்றார்.

அப்பா நிமிர்ந்தார். "என்னத்துக்கு நாற்காலி? முட்டி வலிக்கிதா?"

"இல்ல சார். முட்டி நல்லாத்தான் இருக்கு. நான் தரையில உக்காந்தது உங்க வயசுக்குக் குடுத்த மரியாதை. நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். அதனால நாற்காலி கேக்குறேன்."

"இந்த வீட்ல உங்க தெரு ஆளுங்க யாரும் நாற்காலியில உக்காந்தது கிடையாது."

"தெரியும் சார். எங்க அப்பா இந்த முத்தத்துல நின்னத நான் பாத்திருக்கேன். அவரு கைய புடிச்சுக்கிட்டு நானும் நின்னிருக்கேன்."

அப்பாவின் முகம் இறுகிவிட்டது. "அப்ப கட்டு வேணாம். நீ போ."

"சரி சார். நாளைக்கு வந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். என் வீடுதானே அது. போடவில்லை. நானே கட்டு மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தேன். அப்பா சலைன் பாட்டிலைக் காலால் தள்ளிவிட்டார்.

மூன்று நாள் சிஸ்டர் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, "சார், வரலாமா?" என்பார். அப்பாவுக்கு ஜன்னல் வழியாக அவர் நிற்பது தெரியும். "வேணாம்னு சொல்லு" என்பார் என்னிடம். நான் போய்ச் சொல்வேன். சிஸ்டர் அப்போதும் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் திரும்புவார். ஒரு நாள் என் மனைவி அவருக்குக் காபி கொண்டுபோனாள். "உள்ள வந்து குடிக்கிறேம்மா, ஒரு நாளைக்கு" என்று சொல்லி வாங்கவில்லை.

நாலாவது நாள் கட்டைத் தாண்டி வாடை வந்தது. ஈ மொய்த்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் குரல் கேட்டதும், என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பிரம்பு நாற்காலிய எடுத்து இப்படிப் போடு" என்றார். அது அம்மாவின் நாற்காலி.

சிஸ்டர் வந்து அதில் உட்கார்ந்தார். மடியில் ஒரு துண்டை விரித்து அப்பாவின் காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டார். கட்டைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது. "தஞ்சாவூர் போகணும். இப்பவே" என்றார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பித்தது. நாலு நாள் தாமதம் இல்லாவிட்டாலும் அந்த விரல்கள் தேறியிருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். உள்ளே ரத்த ஓட்டம் முன்பே நின்றிருக்குமாம். சிஸ்டருக்கு அது ஆறுதலாக இல்லை. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் அங்க போன புதுசு தம்பி. மலை மேல ஒரு வீட்டுல சின்னப் பொண்ணு, அதுக்கு ஒரு கைக்குழந்தை. வயித்துப்போக்கு. கீழ ஜீப் நிக்குது, இன்னும் ஏழெட்டு வீடு போகணும். நான் வாசல்படியில நின்னுக்கிட்டே சத்தம் போட்டேன். ஏன் முன்னாடியே தூக்கிட்டு வரல, அறிவில்லையான்னு. மருந்த கையில குடுத்துட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வான்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். அது வரல. என்னைப் பாக்கப் பயந்துக்கிட்டு வரல. அடுத்த வாரம் போனப்ப குழந்தைய புதைச்சிருந்தாங்க. அந்த வீட்டு மாமியார் என்னைத் திட்டல. 'நீ நின்னுக்கிட்டே பேசின. நின்னுக்கிட்டுப் பேசுறவ போறதுக்குத்தானே வந்திருக்கா, அதான் எங்க பொண்ணு உன்னை நம்பல'ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு வீட்டுலயும் நான் நின்னது இல்ல."

அப்பா படுத்திருந்த வார்டுப் பக்கம் திரும்பினார்.

"இப்ப இவரு. ரெண்டு தடவையும் விலை குடுத்தது நான் இல்ல."

"நாற்காலி கேட்டது தப்புங்கிறீங்களா சிஸ்டர்?"

"தப்பில்ல. நாளைக்கும் கேப்பேன். ஆனா மனசு சமாதானமா இல்ல, அவ்வளவுதான்."

போட வேண்டிய நாற்காலியைப் போடாமல் நின்றவன் நான் என்பதை அவர் சொல்லவே இல்லை.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு சிஸ்டர் மறுபடி தினமும் வந்தார். பிரம்பு நாற்காலி அங்கேயே கிடந்தது. முதல் சில நாள் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கட்டுப் போடும்போது சிஸ்டருக்கு ஆப்பிரிக்காவிலிருந்து போன் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினார். பேச்சுக்கு நடுவே நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி ஒரு சத்தம். அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"அது என்ன, நான் வண்டி மாட்டுக்குப் போடுற சத்தமால்ல இருக்கு?"

"அது அவங்க எழுத்து சார். நமக்கு ழகரம் மாதிரி. எனக்கு நாக்கு திரும்பவே ரெண்டு வருஷம் ஆச்சு. மாடுன்னீங்களே, அவங்களுக்கும் மாடுதான் உசுரு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பேரு வச்சிருப்பாங்க."

"நம்மகிட்ட இல்லையா? மயிலை, செவலை, காரி, புல்லை..."

"வெள்ளையில பொடிப் பொடியா புள்ளி விழுந்த மாட்டுக்கு என்ன சொல்லுவீங்க?"

அப்பா யோசித்தார். "புள்ளி மாடும்போம்."

"அவங்க, வானம்பாடி முட்டைம்பாங்க."

மறுநாள் அப்பாவே அங்கத்து மழையைப் பற்றிக் கேட்டார். அதற்கடுத்த நாள் அங்கே விதைப்பு எப்போது என்று கேட்டார். பெற்றோர் இருவரும் எய்ட்ஸில் போய், பிள்ளைகள் மட்டுமே இருந்த வீடுகளைப் பற்றி சிஸ்டர் சொன்ன அன்று, அப்பா காபியை ஆறவிட்டுவிட்டார். அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையை சிஸ்டர் எடுத்து வளர்த்திருந்தார். அவள் இப்போது அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனில் பேசுகிறவள் அவள்தான்.

எந்த நாளில் அப்பா 'நீ'யை விட்டு 'நீங்க'வுக்கு வந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் கவனித்தபோது வந்திருந்தார்.

புண் முழுதாக ஆறிய சமயத்தில், சிஸ்டர் வளர்த்த அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சிஸ்டர் மூன்று மாதத்துக்கு அங்கே கிளம்பினார். சொல்லிக்கொள்ள வந்தபோது அப்பா கேட்டார்.

"நீங்க போற வீட்ல எல்லாம் ஜெபம் பண்ணுவீங்களாமே. என்கிட்ட ஒரு நாளும் அதப்பத்திப் பேசலையே?"

"நீங்க கேக்கலையே சார்."

"இப்பக் கேக்குறேன்னு வச்சுக்குங்க."

"பண்ணட்டுமா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "பண்ணுங்க. ஆனா அந்த ஊரு பாஷையில பண்ணுங்க. தமிழ்ல பண்ணினா எனக்குப் புரிஞ்சு தொலையும். அப்புறம் நான் ஏதாவது குறுக்க பேசுவேன்."

சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜூலுவில் ஜெபம் செய்தார். அப்பா கண்ணை மூடவில்லை. அந்தச் சொடுக்குகள் எல்லாம் வந்து முடிகிறவரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "பத்திரமா போய்ட்டு வாங்க" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. படம் அனுப்பியிருந்தார். ஊருக்குத் திரும்ப பத்து நாள் இருக்கும்போது நெஞ்சுவலி வந்து, தான் இத்தனை வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

சேதி சொல்ல அண்ணன் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அதற்கு முன்பு அவன் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. "சார் வயசானவரு, போன்ல சொல்ல வேணாம், என் அண்ணன் மகன நேர்ல போய்ச் சொல்லச் சொல்லு" என்று அந்தப் பெண்ணிடம் சிஸ்டர் சொல்லி வைத்திருந்தாராம். தனக்கு நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பா கேட்டார். "அடக்கம் எங்க?"

"அங்கதான். இங்க கொண்டு வர வேணாம்னு அத்தையே சொல்லிட்டாங்களாம்."

"அங்க அந்தப் பொண்ண விட்டா அவங்களுக்குன்னு யாரு இருக்கா, பாவம்."

அண்ணன் மகன் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டு அப்பாவின் கையில் கொடுத்தான். பச்சை மலைச்சரிவு. மழை பெய்து ஓய்ந்த ஈரம். ஒற்றையடிப் பாதைகள் எல்லாவற்றிலும் மனிதர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். போர்வை போர்த்திய கிழவிகள், கோல் ஊன்றிய பெரியவர்கள், முதுகில் குழந்தையைக் கட்டிய பெண்கள். எல்லோரும் பாடிக்கொண்டே வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். வீடியோ முடிந்தும் வருவது முடியவில்லை.

அப்பா இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்து முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவங்க பேரு என்னடா?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாகக் கடைச் சீட்டில் சிஸ்டர் என்றுதான் எழுதியிருக்கிறேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

அப்பா அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பழக்கமில்லாத வேதாகமப் பெயர், தப்பாக வந்தது. அவன் திருத்தினான். அப்பா மறுபடி சொன்னார்.